வேர்முடிச்சுக் கட்டுரை நிலைத்தது எப்படி: விக்கிப்பீடியாவை வகுப்புப் பணியாக்கிய குறிப்புகள்

தமிழ் விக்கிப்பீடியாவில் வேர்முடிச்சு (அவரை போன்ற செடிகளின் வேரில், காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு ஏற்றதாக்கும் பாக்டீரியா வாழும் சிறு முடிச்சு) பற்றி எங்கள் மாணவர்கள் எழுதிய பகுதிகள் பருவம் முடிந்த பிறகும் நிற்கின்றன. முகம் தெரியாத பயனர்கள் வந்து எழுத்துப்பிழை திருத்தியிருக்கிறார்கள். ஒருவர் பகுப்பு சேர்த்திருக்கிறார். இன்னொருவர் ஒரு வரியைக் கேள்வி கேட்டுப் பேச்சுப் பக்கத்தில் (கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பக்கம்) குறிப்பு விட்டுப் போயிருக்கிறார். முந்தைய பருவத்தில் இதே பாடத்துக்குச் செய்த முயற்சியில் எழுதியதில் பெரும்பகுதி நீக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவில் மாறியவற்றை, வேறு ஆசிரியர்கள் செய்து பார்க்க வசதியாக, வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதல் சுற்று

இளநிலைத் தாவரவியல் இரண்டாம் ஆண்டில் பருவக் கட்டுரைக்குப் பதிலாக இந்தப் பணியை வைத்தோம். பருவக் கட்டுரையை ஓர் ஆசிரியர் படிப்பார், மதிப்பெண் போடுவார், அப்புறம் அது கட்டோடு அலமாரிக்குப் போகும். அதே உழைப்பு பொதுவில் பயன்படட்டும் என்பதுதான் எண்ணம். ஆளுக்கொரு புதிய கட்டுரை என்று திட்டம் போட்டோம்.

நடந்தது வேறு. புதிய கட்டுரை என்றதும் மாணவர்கள் இதுவரை யாரும் எழுதாத தலைப்பைத் தேடினார்கள். அப்படிப்பட்ட தலைப்பு காலியாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இருக்கும்: அதைப் பற்றி நம்பகமான இரண்டாம்நிலைச் சான்றுகளே (பிறர் ஆய்வை எடுத்து மதிப்பிட்டு எழுதியவை) குறைவு. தனிக் கட்டுரைக்கு வேண்டிய அளவு சான்றுகள் தலைப்புக்கு இருக்க வேண்டும் என்னும் 'குறிப்பிடத்தக்கமை' விதியில் சில கட்டுரைகள் உடனே அடிபட்டன. ஒரு கட்டுரையின் பாதி ஒரு பாடநூலிலிருந்து வரிக்கு வரி எடுக்கப்பட்டிருந்தது. அதைக் காப்புரிமை மீறல் என்று நீக்கியதோடு, பழைய பதிப்புகளையும் வரலாற்றிலிருந்து மறைத்துவிட்டார்கள். மிஞ்சியவற்றில் வரிக்கு வரி 'சான்று தேவை' என்ற ஒட்டு.

ஆசிரியர் பக்கத்திலும் ஒரு தடங்கல் வந்தது. மாதிரிக்காக என் ஆய்வுத் துறையிலேயே ஒரு பத்தி எழுதி, நான் பங்கேற்ற ஆய்வுக் கட்டுரைகளையே மேற்கோளாகக் கொடுத்திருந்தேன். ஒரு பயனர் அவற்றை எடுத்துவிட்டு, 'நலமுரண், இரண்டாம்நிலைச் சான்று தரவும்' என்று தொகுப்புச் சுருக்கத்தில் (செய்த திருத்தத்தை விளக்கும் ஒருவரிக் குறிப்பு; திருத்தத்தை இங்கே தொகுப்பு என்பார்கள்) எழுதினார். நலமுரண் என்றால் எழுதுபவருக்கே அந்தப் பொருளில் சொந்த நலன் இருப்பது. ஆய்வாளர்களுக்கு இது கொஞ்சம் சுருக்கென்று படும். ஆனால் கலைக்களஞ்சியத்தின் கணக்கு அப்படித்தான். ஆய்விதழில் புதிதாகச் சொன்னால்தான் மதிப்பு. இங்கே புதிதாகச் சொன்னால் அது 'சொந்த ஆய்வு', கூடாது. ஒரு கண்டுபிடிப்பைப் பிறர் எடுத்து மதிப்பிட்டு, மீளாய்வுக் கட்டுரையிலோ (பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடுவது) நல்ல பாடநூலிலோ எழுதிய பிறகுதான் அது உள்ளே வர வேண்டும். இப்போது என் பெயர் உள்ள கட்டுரை எதையாவது சேர்க்கலாம் என்று தோன்றினால், நானே தொகுப்பதில்லை. பேச்சுப் பக்கத்தில் 'இதை எழுதியவர்களில் நானும் ஒருவர், பொருந்துமா பாருங்கள்' என்று குறிப்பு வைக்கிறேன். பெரும்பாலும் யாராவது பார்த்துச் சேர்க்கிறார்கள் அல்லது வேண்டாம் என்கிறார்கள். வேலை அதோடு முடிகிறது.

தலைப்பை மாற்றியது

இரண்டாம் சுற்றில் புதிய கட்டுரையே வேண்டாம் என்று வைத்துவிட்டோம். ஏற்கெனவே இருக்கிற, ஆனால் மெலிந்து கிடக்கிற கட்டுரைகளைத் தேடினோம். குறுங்கட்டுரை என்று அடையாளமிட்டவை ஏராளமாக இருக்கும். அவற்றிலிருந்து தேர்ந்தெடுக்க மூன்று சோதனைகள் வைத்துக்கொண்டோம். பாடத்திட்டத்தில் வருகிறதா? குறைந்தது இரண்டு மீளாய்வுக் கட்டுரைகளும் ஒரு பாடநூலும் நூலகத்தில் கைக்கு எட்டுகின்றனவா? பார்வை எண்ணிக்கை காட்டும் கருவியில் அந்தப் பக்கத்துக்கு ஆள் வருகிறார்களா? அந்தக் கருவியில் 2015 ஜூலை முதலான கணக்கு கிடைக்கும். தேர்வு மாதங்களில் பள்ளிப்பாடத் தலைப்புகளின் கோடு மேலே ஏறுவதைப் பார்த்ததும் மாணவர்களுக்கே உற்சாகம் வந்துவிட்டது. யார் படிக்கிறார்கள் என்று நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

நைட்ரஜன் நிலைப்படுத்தல் (காற்றின் நைட்ரஜனைச் செடிக்குப் பயன்படும் வடிவமாக்குதல்), வேர்முடிச்சு, வேர்ப்பூஞ்சை (வேரோடு கூட்டாக வாழும் பூஞ்சை) என்று ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் தலைப்புகளை எடுத்தோம். குழுவுக்கு ஒரு கட்டுரை, ஆளுக்கு ஒரு பிரிவு. ஒரு பிரிவு என்பது மூன்று நான்கு பத்திதான்.

கணக்குத் தொடங்குதல்

ஐந்து நிமிட வேலை என்று நினைக்கும் இந்தக் கட்டத்தில்தான் முதல் சுற்றின் ஒரு வகுப்பு முழுக்கக் கரைந்தது. ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு 6 கணக்குகள்தான் தொடங்க முடியும். கணினி ஆய்வகத்தில் எல்லாருக்கும் வெளியே தெரிவது ஒரே முகவரி. ஆறாவது மாணவருக்குப் பிறகு கதவு சாத்திக்கொள்ளும். இதற்கு வழி இருக்கிறது: பயிலரங்குக்காக அந்த வரம்பைத் தற்காலிகமாகத் தளர்த்தச் சொல்லி முன்கூட்டியே கேட்கலாம், அல்லது கணக்கு உருவாக்கும் உரிமை உள்ள பயனர் ஒருவரைத் துணைக்கு அழைக்கலாம். நாங்கள் அதைவிட எளிதான வழியில் போனோம். வகுப்புக்கு ஒரு வாரம் முன்னதாக, அவரவர் கைப்பேசி இணையத்தில் தொடங்கிவிடச் சொன்னோம்.

ஒரு வாரம் முன்னதாக என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புத்தம்புதுக் கணக்கிலிருந்து வெளி இணைப்பு உள்ள மேற்கோளைச் சேர்த்தால், ஒவ்வொரு முறையும் கோணல் எழுத்துகளைப் படித்துத் தட்டச்சிடச் சொல்லும் சோதனை வரும். கணக்குக்குக் கொஞ்சம் வயதும் சில தொகுப்புகளும் ஆனதும் அது நின்றுவிடும். ஆங்கில விக்கிப்பீடியாவில் 4 நாளும் 10 தொகுப்பும் ஆக வேண்டும்; மற்ற மொழிகளில் இது சற்று மாறலாம்.

மாணவர்களுக்குச் சொல்லிவிட வேண்டியவை சில. ஒரு கணக்கு ஒருவருக்கு மட்டும்தான். குழுவுக்கு ஒன்று, துறைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ள முடியாது. மின்னஞ்சல் கொடுக்காமல் தொடங்கினால், கடவுச்சொல்லை மறந்த நாளோடு கணக்கும் போயிற்று. ஒரே கணக்கு எல்லா மொழி விக்கிப்பீடியாவிலும் பொதுவகத்திலும் (எல்லா விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான படக் கிடங்கு) செல்லும். முக்கியமாக, உண்மைப் பெயர் தேவையில்லை. செய்த தொகுப்பு ஒவ்வொன்றும் நிரந்தரமாகப் பொதுவில் இருக்கும் என்பதால் புனைபெயரே நல்லது என்று நான் சொல்கிறேன். எந்தப் பெயர் யாருடையது என்ற பட்டியல் என்னிடம் தாளில் இருக்கும், இணையத்தில் ஏறாது. பொதுவில் எழுதவே விருப்பமில்லாதவருக்கு, அதே பணியைக் கோப்பாகத் தர வாய்ப்பு வைத்திருக்கிறோம். மதிப்பெண் குறையாது.

சான்று முதலில், வாக்கியம் பிறகு

இந்தப் பதிவில் ஒரே ஒரு பகுதியைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் மாணவர்கள் தெரிந்ததை எழுதிவிட்டு, அதற்குச் சான்று தேடினார்கள். ஆய்வாளர்களாகிய நாமும் பழக்கத்தில் அப்படித்தான் எழுதுவோம்; பாடம் தலைக்குள் இருக்கிறது, மேற்கோள் கடைசியில் ஒட்டிக்கொள்ளலாம் என்று. இரண்டாம் சுற்றில் திருப்பிப் போட்டோம். முதல் வாரங்களில் ஒரு வாக்கியமும் எழுதக் கூடாது. ஒரு அட்டவணை மட்டும்: இடப்பக்கம் சான்றின் விவரமும் பக்க எண்ணும், நடுவில் அது சொல்லும் தகவல், வலப்பக்கம் அதே தகவலை வேறொரு சான்று சொல்கிறதா, முரண்படுகிறதா என்ற குறிப்பு. அட்டவணையில் வராத தகவல் கட்டுரையில் வராது.

இதில் கிடைத்த பாடங்கள் நான் வகுப்பில் நடத்தியிருந்தால் கூடக் கிடைத்திருக்காது. ஒரு மாணவர் 'அவரைக் குடும்பத் தாவரங்கள் அனைத்தும் வேர்முடிச்சு மூலம் நைட்ரஜனை நிலைப்படுத்தும்' என்று எழுத நினைத்திருந்தார். பள்ளியிலிருந்து வருகிற வாக்கியம் அது. சான்று தேடியதும் உடைந்துபோயிற்று. சரக்கொன்றையும் புளியமரமும் அதே குடும்பம், ஆனால் வேர்முடிச்சு கிடையாது. மறுபக்கம், சவுக்கு அந்தக் குடும்பமே இல்லை, அதன் வேரில் முடிச்சு உண்டு. அதற்குள் இருப்பதும் அவரைச் செடிகளில் வழக்கமாக இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா அல்ல, பிராங்கியா என்ற வேறொரு பாக்டீரியா. 'அனைத்தும்' என்ற ஒரு சொல்லை எடுப்பதற்கு அந்த மாணவர் மூன்று மீளாய்வுக் கட்டுரைகள் படித்தார்.

வரலாற்றுப் பிரிவு எழுதியவருக்கு ஆண்டுச் சிக்கல். அவரைச் செடிகள் வேர்முடிச்சு வழியாகக் காற்றின் நைட்ரஜனைப் பெறுவதைக் காட்டி ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் செய்த சோதனைக்கு ஒரு நூல் 1886 என்கிறது, இன்னொன்று 1888 என்கிறது. முதலில் அறிவித்தது 1886, விரிவாக வெளியிட்டது 1888 என்று கண்டுபிடித்து, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்தார். பெய்ரிங்க் என்ற ஆய்வாளர் முடிச்சிலிருந்து பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்ததும் அதே 1888. ஆக, இரண்டு வேலைகளும் கிட்டத்தட்ட ஒரே காலத்தவை என்பது கட்டுரையில் தெளிவாக வந்தது. பழைய பதிப்பில் இவை பல பத்தி தள்ளிக் கிடந்தன.

மேற்கோள் சேர்ப்பதற்குக் காட்சித் தொகுப்பில் (குறியீடுகள் இல்லாமல் பக்கத்தைப் பார்த்தபடியே திருத்தும் முறை) உள்ள தானியங்கு வசதியே போதும். ஆய்வுக் கட்டுரையின் டி.ஓ.ஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள தனி அடையாள எண்) ஒட்டினால் ஆசிரியர், இதழ், ஆண்டு, பக்கம் எல்லாம் தானாக நிரம்பும். நூல் என்றால் அதன் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். நிரம்பியதை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஆசிரியர் பெயரின் முதற்பெயரும் குடும்பப்பெயரும் இடம் மாறி வரும், சில நூல்களுக்குப் பதிப்பாண்டு தவறாக வரும். ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் பார்த்தால் போதும்.

இந்த வசதி எதிர்பாராத ஒரு வேலையும் செய்தது. செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலியிடம் கேட்டு வாங்கிய பத்திகள் சில அட்டவணைக்குள் நுழைந்திருந்தன. அவற்றோடு வந்த மேற்கோள்கள் பார்க்க அசலாக இருந்தன. டி.ஓ.ஐ எண்ணை ஒட்டியதும் ஒன்றும் வரவில்லை, அல்லது மீன்வளம் பற்றிய ஏதோ கட்டுரை வந்தது. விசாரணை எதுவும் வைக்காமலே விஷயம் முடிந்தது. 2025இல் ஆங்கில விக்கிப்பீடியா, மனிதர் சரிபார்க்காமல் இயந்திரம் எழுதித் தள்ளிய பக்கங்களை நீண்ட விவாதம் இல்லாமல் விரைவாக நீக்க விதி கொண்டுவந்தது. அதை மாணவர்களிடம் சொல்லி வைப்பது நல்லது.

ஆங்கிலக் கட்டுரையிலிருந்து மொழிபெயர்க்கலாமா என்று எல்லா வகுப்பிலும் கேட்பார்கள். மொழிபெயர்க்கலாம், உரிமம் இடம் தருகிறது. ஆனால் எந்தக் கட்டுரையிலிருந்து எடுத்தது என்று தொகுப்புச் சுருக்கத்தில் இணைப்போடு எழுத வேண்டும். மொழிபெயர்ப்புக் கருவி இயந்திரம் தந்ததை அப்படியே விட்டால் எச்சரிக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, ஆங்கிலப் பக்கத்தின் வார்ப்புருக்கள் (பல பக்கங்களில் பயன்படும் ஆயத்தக் கட்டங்கள்). நிரலை நகலெடுத்து ஒட்டினால், தமிழ் விக்கிப்பீடியாவில் இல்லாத வார்ப்புருக்களெல்லாம் சிவப்பு இணைப்பாக வரிசை கட்டும். ஒரு குழு அதைச் சுத்தம் செய்யச் செலவழித்த நேரத்தில் புதிதாகவே எழுதியிருக்கலாம்.

நேரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எழுதுவதற்கு ஒரு பங்கு நேரம் என்றால், சான்று தேடிப் படித்து அட்டவணை போட மூன்று பங்கு போகிறது. பணச் செலவு எதுவும் கிடையாது. தட்டச்சுக்குத் தனி மென்பொருள் கூட வேண்டாம். தொகுப்புப் பெட்டியிலேயே தமிழ்99, ஒலிபெயர்ப்பு ஆகிய இரு தட்டச்சு முறைகளும் இருக்கின்றன. கைப்பேசியில் தொகுக்க முயன்றவர்கள் மேற்கோள் கட்டத்தில் திணறினார்கள். கைப்பேசி படிக்கவும் படம் எடுக்கவும் சரி, எழுதக் கணினிதான்.

படங்கள்

பாடநூல் படத்தையோ ஆய்விதழ் படத்தையோ ஏற்றக் கூடாது என்பது பொது விதி. விலக்கும் உண்டு: ஆய்வுக் கட்டுரையே சி.சி. பை அல்லது சி.சி. பை-எஸ்.ஏ என்ற கட்டற்ற (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் வெளியாகியிருந்தால் பெயர் குறிப்பிட்டு எடுக்கலாம். 'வணிக நோக்கமற்ற' என்ற நிபந்தனை உள்ள உரிமத்தைப் பொதுவகம் ஏற்காது. திறந்த அணுக்கம் (யாரும் இலவசமாகப் படிக்கலாம்) என்று எழுதியிருந்தாலே போதும் என்று நினைத்து ஏற்றிய ஒரு படம் இதனால்தான் நீக்கப்பட்டது.

ஆகவே சொந்தமாக எடுத்தோம். அவரைச் செடியை மண்ணோடு பெயர்த்து, தண்ணீரில் ஊறவைத்து மண்ணைக் கரைத்து, வேரைக் கறுப்புத் துணிமேல் பரப்பிப் படம். ஓடும் குழாய் நீரில் கழுவினால் முடிச்சுகள் உதிர்ந்துவிடும், பொறுமையாக ஊறவைப்பதே மேல். பக்கத்தில் ஓர் அளவுகோல் வைக்க மறக்கக் கூடாது. முடிச்சைப் பிளேடால் குறுக்காக வெட்டினால் வேலை செய்யும் முடிச்சு உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். முடிச்சுக்குள் இருக்கும் லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம் தரும் நிறம் அது. வயதான முடிச்சு பச்சையாகவோ பழுப்பாகவோ மாறியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படம்தான் முழுக் கட்டுரையிலும் எனக்குப் பிடித்தது. வெட்டிய உடனே எடுக்க வேண்டும், கொஞ்சம் தாமதித்தாலும் நிறம் மங்கும். படத்தை எடுத்தவரே தம் கணக்கிலிருந்து ஏற்ற வேண்டும், உரிமை அவருடையது. வகுப்பு முழுதுக்கும் ஆசிரியர் ஏற்றிக் கொடுத்தால் பின்னால் கேள்வி வரும்.

விளக்கப்படத்தில்தான் இடறினோம். இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்து எஸ்.வி.ஜி என்ற வகைப் படக் கோப்பாக ஏற்றினோம். எங்கள் கணினியில் அழகாக இருந்த தமிழ்ப் பெயர்கள் கட்டுரையில் இடம் பிசகி, கோட்டின்மேல் ஏறி நின்றன. காரணம், படத்தைக் காட்டுவது விக்கிமீடியாவின் (விக்கிப்பீடியாவை நடத்தும் அமைப்பு) வழங்கி. நாம் பயன்படுத்திய எழுத்துரு அங்கே இல்லையென்றால் இருக்கிற ஒன்றைப் போட்டுக்கொள்ளும், அகலம் மாறும். எழுத்துகளை வெறும் வடிவங்களாக மாற்றி ஏற்றினால் தோற்றம் சரியாகும், ஆனால் வேறு மொழிக்காரர் அதைத் திருத்தி எழுத முடியாது. கடைசியில் படத்தில் எண்களை மட்டும் வைத்து, பெயர்களைப் படக்குறிப்பில் எழுதினோம். இப்போது அதே கோப்பை எந்த மொழியிலும் பயன்படுத்தலாம். அடுத்த முறை தொடக்கத்திலேயே எண்தான்.

மணல்தொட்டியிலிருந்து வெளியே

எழுதுவதெல்லாம் அவரவர் மணல்தொட்டியில், அதாவது விக்கிப்பீடியா கணக்கில் உள்ள பயிற்சிப் பக்கத்தில். அங்கே எவ்வளவு கிறுக்கினாலும் யாரும் கேட்க மாட்டார்கள், பாடநூல் வரிகளை ஒட்டாத வரை. காப்புரிமை விதி மணல்தொட்டிக்கும் உண்டு.

முதல் சுற்றில் எல்லாரும் கடைசி நாள் இரவில், முழுக் கட்டுரையையும் ஒரே அடியாகக் கொட்டினார்கள். கண்காணிக்கும் தன்னார்வலர்கள் சிலரே. அவர்கள் திரையில் ஒரே நேரத்தில் அவ்வளவு பெரிய தொகுப்புகள், எல்லாம் புதிய கணக்குகளிலிருந்து. அவர்கள் மீளமைத்தது (மாற்றத்தை நீக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுபோனது) இயல்பான செயல்தான். இரண்டாம் சுற்றில் மூன்று மாற்றங்கள் செய்தோம். பருவத் தொடக்கத்திலேயே ஆலமரத்தடியில் (தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கம்) அறிவிப்பு: எந்தப் பாடம், எந்தக் கட்டுரைகள், எப்போது முதல் எப்போது வரை, கேள்வி இருந்தால் எந்தப் பேச்சுப் பக்கத்தில் கேட்கலாம். ஒவ்வொரு குழுவும் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் தங்கள் திட்டத்தை நாலு வரியில் எழுதியது. அப்புறம், பத்தி பத்தியாகச் சேர்ப்பது. ஒரு பத்தி, அதன் மேற்கோள்கள், என்ன செய்தோம் என்று தொகுப்புச் சுருக்கம், சேமி.

பத்தி பத்தியாகச் சேர்த்தால் யாரும் எதையும் முழுதாக மீளமைப்பதில்லை. பிடிக்காத பத்தியை மட்டும் தொடுவார்கள். ஆற்றல் கணக்குப் பகுதியில், ஒரு மூலக்கூறு நைட்ரஜனை நிலைப்படுத்த 16 ஏ.டி.பி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) செலவாகும் என்ற வரிக்கு ஒரு பயனர் பேச்சுப் பக்கத்தில் வந்து, 'இது குறைந்தபட்ச அளவு, செல்லுக்குள் இன்னும் கூடலாம் என்று சேர்க்க முடியுமா?' என்று கேட்டார். நல்ல கேள்வி. மாணவி பதில் எழுதும் முன் என்னிடம் வந்தார். நான் எழுதிக் கொடுக்கவில்லை; மறுபடி சான்றுக்குப் போகச் சொன்னேன். அவர் கண்டுபிடித்து வரியைத் திருத்தினார், அந்தப் பயனர் நன்றி சொன்னார். ஆசிரியர் இடையில் புகுந்து 'நான் இத்துறைப் பேராசிரியர், இது சரி' என்று சொல்வதால் அங்கே எந்தப் பயனும் இல்லை. பதவிக்குச் செல்லுபடியில்லாத இடம் அது.

இந்த இடத்தில் சக ஆசிரியர் ஒருவரோடு நல்ல வாக்குவாதம் நடந்தது. வல்லுநர் மட்டும் எழுதி, வல்லுநர் சரிபார்த்தால் என்ன என்றார். செய்து பார்த்திருக்கிறார்கள் என்றேன். விக்கிப்பீடியாவுக்கு முன்னோடியான நூபீடியா 2000இல் அப்படித்தான் தொடங்கியது. ஏழு படிநிலைச் சரிபார்ப்பு. 2003இல் மூடும்போது இரண்டு டஜன் அளவுக்குத்தான் முடிந்த கட்டுரைகள் இருந்தன. அதன் பக்கவாட்டு முயற்சியாக 2001 ஜனவரியில் தொடங்கியதுதான் விக்கிப்பீடியா. தரம்? 2005இல் நேச்சர் இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை வல்லுநர்களிடம் கொடுத்துப் பார்த்தபோது, விக்கிப்பீடியாவில் கட்டுரைக்குச் சுமார் 4 பிழை, பிரிட்டானிக்காவில் சுமார் 3. பிரிட்டானிக்கா அந்த முறையைக் கடுமையாக மறுத்தது. ஆங்கிலத்தில் கிடைத்த அந்தத் தரத்தைத் தமிழ்க் கட்டுரைகளுக்கு அப்படியே ஏற்றிச் சொல்ல முடியாது என்று அவர் சொன்னதை நான் ஒப்புக்கொண்டேன். இங்கே எழுதும் கைகள் குறைவு. அதனால்தான் துறை தெரிந்தவர்கள் வர வேண்டும் என்பது என் கட்சி.

அவருடைய இன்னொரு கேள்விக்கு இன்னும் முழுப் பதில் இல்லை: பதவி உயர்வுக் கணக்கில் இதை எங்கே காட்டுவது? சில இதழ்கள் வழி கண்டிருக்கின்றன. ஆர்.என்.ஏ பயாலஜி இதழ் 2008இல், ஆர்.என்.ஏ குடும்பங்கள் பற்றிய ஒரு பிரிவில் எழுதுவோர் விக்கிப்பீடியாப் பக்கமும் எழுதித் தர வேண்டும் என்றது. பிளாஸ் கம்ப்யூட்டேஷனல் பயாலஜி 2012இல் தலைப்புப் பக்கங்கள் என்று தொடங்கியது. கட்டுரை இதழில் சரிபார்க்கப்பட்டு வெளியாகும், அதே உரை விக்கிப்பீடியாவிலும் ஏறும், எழுதியவருக்கு மேற்கோள் காட்டத்தக்க வெளியீடும் கிடைக்கும். தமிழ் ஆய்விதழ் ஒன்று இதைச் செய்தால் நான் முதல் ஆளாக எழுதித் தருவேன்.

மதிப்பெண்

முதல் சுற்றில் இரண்டு அளவுகோல்கள் வைத்தோம்: எவ்வளவு சேர்த்தார்கள், பருவ முடிவில் எவ்வளவு நிலைத்தது. இரண்டும் கெட்ட அளவுகோல்கள்.

அளவு என்று வரலாற்றுப் பக்கம் (கட்டுரையின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் பக்கம்) காட்டுவது பைட் கணக்கு; கூடினால் பச்சை எண், குறைந்தால் சிவப்பு எண். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். 'அறிவியல்' என்ற சொல் நம் கண்ணுக்கு 5 எழுத்து. கணினிக்கு உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி 8 குறியீடுகள், ஆக 24 பைட். ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஒரு பைட். இதனால் வளவளவென்று தமிழில் ஒரு பத்தி எழுதியவர் ஆயிரக்கணக்கில் பச்சை எண் வாங்கினார். பழைய பத்தியில் தவறான மூன்று வரியை நீக்கி, ஆங்கில விவரங்களோடு இரண்டு நல்ல மேற்கோள் சேர்த்தவர் சிவப்பு எண்ணில் நின்றார். யார் அதிகம் உழைத்தார் என்பதை அந்த எண் காட்டவே இல்லை.

நிலைப்பதற்கு மதிப்பெண் என்பது இன்னும் மோசம். யாராவது ஒரு வரியைத் தொட்டாலே மாணவர்கள் பதறி, திரும்பத் திரும்ப மீளமைத்தார்கள். மதிப்பெண்ணுக்காக ஒரு தன்னார்வலரோடு சண்டை போடும் நிலைமையை நாமே உருவாக்கியது போலாயிற்று.

இப்போது பாதி மதிப்பெண் சான்று அட்டவணைக்கு. மீதியில் பெரும்பகுதி மணல்தொட்டி வரலாற்றுக்கும் பேச்சுப் பக்கத்துக்கும். ஒவ்வொருவரும் தம்முடைய சிறந்த மூன்று தொகுப்புகளின் வேறுபாட்டு இணைப்புகளை (முன்பும் பின்பும் உள்ள உரையை ஒப்பிட்டுக் காட்டுபவை) தந்து, ஏன் செய்தார் என்று இரண்டு வரி எழுத வேண்டும். கட்டுரை வெளியில் நிற்கிறதா என்பதற்கு மதிப்பெண்ணே இல்லை. யார் எப்போது என்ன செய்தார் என்பதைத் தொகுத்துக் காட்டும் நிகழ்வுப் பலகை ஒன்றும் விக்கிமீடியாவில் இருக்கிறது. வகுப்பைப் பதிந்துவிட்டால் ஒரே திரையில் எல்லாம் வரும். திருத்தும் வேலை பாதியாகக் குறைந்தது.

அடுத்த முறை

வெளியில் ஏற்றும் வாரத்தை இன்னும் முன்னுக்குத் தள்ள வேண்டும். கேள்விகள் வருவதற்கும் மாணவர்கள் பதில் சொல்வதற்கும் குறைந்தது மூன்று வாரம் மிச்சம் இருக்க வேண்டும். இம்முறை கடைசிக் கேள்விகள் சில தேர்வு விடுமுறையில் வந்து, பதிலில்லாமல் கிடந்தன. நான் போய் எழுதினேன்.

தொடக்கப் பயிற்சியாக, 'சான்று தேவை' ஒட்டு உள்ள ஒரு வரியை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, சான்று கண்டுபிடித்துச் சேர், கிடைக்காவிட்டால் பேச்சுப் பக்கத்தில் சொல் என்று விடப் போகிறேன். முழுப் பணியின் சிறு உருவம் அது, ஒரே வகுப்பில் முடியும்.

வேர்ப்பூஞ்சைக் கட்டுரை அரைகுறையாக நிற்கிறது. மரபணுச் சமிக்ஞைப் பிரிவுக்கு வாசித்த மீளாய்வுக் கட்டுரைகள் இளநிலை மாணவர்களுக்குக் கடினம். அதை முதுநிலை வகுப்புக்கு மாற்றியிருக்கிறேன். அட்டவணை பேச்சுப் பக்கத்திலேயே ஏறியிருக்கிறது, யார் வேண்டுமானாலும் அங்கிருந்து தொடரலாம்.